பதினோரு மூடிகளும் ஒரு குடுவையும்

ஆல்டர்பி கிராமத்தில் போர் நடந்து முந்நூற்றெண்பது வருஷம் ஆகிறது என்று ஊர் எல்லையிலேயே போர்டு வைத்திருந்தார்கள். போர்டுக்கு வயது நான்கு மாதம்.

"பெயிண்ட் வாசனை கூடப் போகலை, பாஸ்," என்றேன் காரை ஒதுக்கி நிறுத்தியபடி.

"வெடிமருந்து வாசனை வருதான்னு பாரு," என்றார் அர்சுலா ட்ரான்டர்.

வரவில்லை. பன்றிப் பண்ணை வாசனைதான் வந்தது. லிங்கன்ஷயரில் மழை விட்ட பகல் வேளைக்கு அதுதான் வாசனை.

அர்சுலா ட்ரான்டருக்கு வயது ஐம்பத்துநாலு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்களை எடை போடுவது தொழில். வீடு எரிந்துவிட்டது என்று யாராவது அழுதால், முதலில் குடும்ப ஆல்பம் எரிந்ததா என்று கேட்பார். ஆல்பம் பத்திரமாக இருந்தால் அழுகையை நம்ப மாட்டார். நான் கிட் மேபட். ஏலக்கடையில் பன்னிரண்டு வருஷம் அலமாரி தூக்கியவன். இப்போது அவருடைய காரை ஓட்டுகிறேன், கூடவே வாயையும் ஓட்டுகிறேன்.

இன்றைய பொய் ஒரு குடுவை. வெடிமருந்து வைக்கும் குடுவை. துப்பாக்கிக்குத் தோட்டா கண்டுபிடிக்காத காலத்தில், சீமான்கள் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போனது. வாதுமை மரத்தில் செய்து, மான்கொம்புப் பூ பதித்து, பித்தளை மூக்கு வைத்தது. ஆல்டர்பி ஊர் மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாறு நாள் இருந்தது. பதினேழாம் நாள் இல்லை. நாற்பதாயிரம் பவுண்டுக்கு இன்ஷூர் செய்திருந்தவர் அந்த ஊர்ப் பண்ணையார், பெரிக்ரின் லாங்ஸ்டாஃப்.

குற்றவாளியையும் போலீஸ் ரெடியாக வைத்திருந்தது. கிளிஃபர்ட் ஸ்பிங்க்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரர். குடுவையைச் சுற்றி வைத்திருந்த வெல்வெட் பை அவருடைய வேன் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. மன்றத்தின் சாவியும் அவரிடம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை வழக்குப் போடுவார்கள். இன்று வெள்ளி.

மன்றத்துக்குள் நுழைந்ததும் கமிட்டிச் செயலாளர் மோரீன் டிப்ஸ் எங்கள் மேல் பாய்ந்தாள். கையில் தட்டு. தட்டில் துப்பாக்கி வடிவத்தில் பன்.

"போர்வீரன் பன்! ரெண்டு எடுத்துக்கோங்க. வருமானம் அருங்காட்சியகத்துக்கு."

"குழல் பக்கம் திங்கணுமா, கட்டைப் பக்கமா?" என்று கேட்டேன்.

"குழல்லதான் ஜாம் இருக்கு."

ட்ரான்டர் பன்னைத் தொடவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். நடுவில் காலி இடம். அங்கே ஒரு சீட்டு: 'திருடப்பட்டது. உங்கள் வருத்தத்துக்கு நன்றி.' அதைச் சுற்றி, பச்சைத் துணியின் மேல் பதினோரு சின்ன ஈய மூடிகள். விரல்நுனி அளவு. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் கயிறு கோர்க்கும் காது.

"இது என்ன, பொம்மைச் சட்டிக்கு மூடியா?" என்றேன்.

"சிப்பாயோட மூடி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை நடந்தப்போ, சிப்பாய் தோள்வார்ல பன்னிரண்டு மரச் சிமிழ் தொங்கும். ஒரு சிமிழ்ல ஒரு வேட்டுக்கான மருந்து. மூடியைப் பல்லால இழுத்துக் கொட்டிச் சுடுவான். சிமிழ் மரம், மண்ணுல மக்கிப் போயிடும். ஈய மூடி மட்டும் மிஞ்சும்."

மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். ஒல்லி. அறுபத்தாறு வயது. சட்டைப்பையில் மூன்று பென்சில்.

"கிளிஃபர்ட் ஸ்பிங்க்ஸ். நீங்க வரச் சொன்னீங்கன்னு போலீஸ்ல சொன்னாங்க, மிஸ்."

"இதெல்லாம் நீங்க எடுத்ததா?"

"ஆமா. மெட்டல் டிடெக்டர்ல. மார்ச் ஒன்பது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வயல்."

மோரீன் குறுக்கே விழுந்தாள். "அதுக்கப்புறம்தான் எங்க ஊருக்கே விடிஞ்சது! இல்லேன்னா லாங்ஸ்டாஃப் சார் அந்த வயலைக் குப்பை கொட்ட வித்திருப்பார். தினம் அறுபது லாரி வந்திருக்கும். போர்க்களம்னு தெரிஞ்சதும் அரசாங்கம் நிறுத்தி வச்சுது. சாரும் மனசு மாறி, ஒரு மெஷினை வாங்கி அவரே தேடினாரு. முதல் நாளே குடுவை! அவங்க முப்பாட்டனோட முத்திரையோட!"

"முதல் நாளேவா? நான் முதல் நாள் மீன் பிடிச்சப்போ என் காதைத்தான் பிடிச்சேன்," என்றேன்.

சுவரில் குடுவையின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். ட்ரான்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மிஸ்டர் ஸ்பிங்க்ஸ், இந்தக் குடுவையைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?"

கிளிஃபர்ட் பென்சில் ஒன்றை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"நான் எடுக்கலை."

"எடுத்தீங்களான்னு கேக்கலை. எப்படி இருந்துதுன்னு கேக்கறேன்."

"நான் எடுக்கலை, மிஸ்."

"என்ன இப்படிப் பேசறார்!" என்றாள் மோரீன். "வழியில கிடந்த ஆணியைக் காட்டினாக்கூட அரை மணி நேரம் விளக்குவார். குடுவை வந்த நாள்லேருந்து வாயே திறக்கலை. பொறாமை!"

மூடிகளுக்குப் பக்கத்தில் கிளிஃபர்டின் குறிப்பு நோட்டு திறந்து வைத்திருந்தது. 'மார்ச் 9. காலை 10 முதல் 4 வரை. ஈய மூடி, பதினொன்று. வேறு எதுவும் இல்லை.' ட்ரான்டர் கடைசி வரியின் கீழே நகத்தால் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பினார்.

"கிட், வண்டியை எடு. பண்ணையார் வீடு."

காரில் நான் என் கணக்கைச் சொன்னேன். "தபால்காரர்தான், பாஸ். முப்பது வருஷம் அடுத்தவன் பார்சலைச் சுமந்தவன் ஒரு நாள் தனக்கே டெலிவரி பண்ணிக்கிட்டான்."

"திருடினவன் குடுவையை ஒளிச்சு வச்சுட்டு, பையை மட்டும் சீட்டுக்கடியில வச்சுப்பானா?"

"ஞாபகார்த்தமா?"

"அடுத்த திங்கட்கிழமை குடுவையைப் பார்க்க யார் வர்றதா இருந்தது தெரியுமா? ஹன்னா கிரீவ்ஸ். மண்ணுல கிடைக்கறதையெல்லாம் பதிவு பண்ற மாவட்ட அதிகாரி. அவ வர்றதுக்குள்ள அது காணாமப் போச்சு. பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வர்ற பையனை நீ பார்த்ததில்லையா?"

"நானே அந்தப் பையன்தான்," என்றேன்.

லாங்ஸ்டாஃப் மாளிகையில் முப்பத்தாறு ஜன்னல்கள். இருபது ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. பண்ணையார் பில்லியர்ட்ஸ் அறையில் எங்களை வரவேற்றார். சிவந்த முகம், மஞ்சள் கால்சராய், மூன்று நாய்கள். நாய்கள் மட்டும் எங்களை நம்பின.

"வாங்க அம்மணி, வாங்க. காசோலை கொண்டு வந்தீங்களா? டிரைவர் வெளியில நிக்கலாம்."

"டிரைவருக்கு ஜலதோஷம், உள்ளதான் நிப்பான்," என்றார் ட்ரான்டர். "குடுவை எப்படிக் கிடைச்சுதுன்னு உங்க வாயால கேக்கணும்."

லாங்ஸ்டாஃப் கைகளை விரித்தார். "விதி, அம்மணி! அந்த மூடிகள் கிடைச்ச அதே இடம். ரெண்டு முழம் தள்ளி. மெஷின் கத்துச்சு. தோண்டினேன். என் முப்பாட்டன் சர் ஹம்ஃப்ரி, ராஜாவுக்காக அங்க நின்னு சண்டை போட்டு, குடுவையைத் தவறவிட்டிருக்கார். முந்நூத்தியெண்பது வருஷம் எனக்காகக் காத்திருந்துது!"

"சர் ஹம்ஃப்ரி அந்தச் சண்டை முழுக்க ஹாலந்துல பல்வலிக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டு இருந்தார்னு உங்க சர்ச்சுல இருக்கற கல்வெட்டே சொல்லுது."

"நடுவுல வந்துட்டுப் போயிருப்பார்."

"பல்லைக் காட்டவா?" என்றேன். ட்ரான்டர் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் காது சிரித்தது, எனக்குத் தெரியும்.

"நல்ல மண்ணு உங்க மண்ணு," என்றார் ட்ரான்டர். "ஈரக் களிமண்ணு. மூடிகள் கிடைச்ச இடத்துல சிமிழ் ஒண்ணாவது கிடைச்சுதா?"

"எப்படிக் கிடைக்கும்? அது மரமாச்சே. மக்கிப் போயிருக்கும். இது கூடத் தெரியாதா?"

"தெரியாம இல்லை. ரெண்டு முழம் தள்ளி உங்க குடுவை. அதுவும் மரம்தான். வாதுமை. பாலிஷ் கூடப் போகலை."



"இங்கிலாந்து மண்ணுக்கு மரியாதை தெரியும், பாஸ்," என்றேன். "சிப்பாயோட மரத்தைத் தின்னுடும். சீமானோட மரம்னா தொப்பியைக் கழட்டிட்டு ஒதுங்கி நிக்கும்."

லாங்ஸ்டாஃபின் சிவப்பு காது வரை ஏறியது. "அது... உயர்ந்த ரக மரம். எண்ணெய் ஊறினது. நான் ஒண்ணும் விஞ்ஞானி இல்லை!"

"எண்ணெய் ஊறினது உண்மைதான்," என்றார் ட்ரான்டர். அவர் கண் சுவரில் இருந்தது.

சுவர் முழுக்க ஆயுதங்கள். வாள், ஈட்டி, பழைய துப்பாக்கிகள், கேடயம். எல்லாம் ஒழுங்காக, ஜோடி ஜோடியாக, நூல் பிடித்த மாதிரி. ஒரே ஒரு ஆணியில் மட்டும் ஆயுதம் இல்லை. அங்கே ஒரு பாட்மிண்டன் மட்டை தொங்கியது.

"சர் ஹம்ஃப்ரி விளையாடினதா?" என்று கேட்டுக்கொண்டே மட்டையைக் கழற்றினேன்.

"தொடாதே!"

தாமதம். மட்டைக்குப் பின்னால் சுவர்த்தாளில் ஒரு வெளிறாத இடம். மற்ற இடமெல்லாம் புகையும் வெயிலும் பட்டுப் பழுப்பு. அந்த இடம் மட்டும் புதுப் பச்சை. பேரிக்காய் வடிவம், மேலே ஒரு மூக்கு, இரண்டு பக்கமும் வளையம். மன்றத்துச் சுவரில் இருந்த போட்டோவின் நிழல் மாதிரியே இருந்தது.

ட்ரான்டர் போனை எடுத்து நிதானமாக ஒரு படம் பிடித்தார்.

"எத்தனை வருஷமா இங்க தொங்கிச்சு, மிஸ்டர் லாங்ஸ்டாஃப்? அம்பதா, அறுபதா? வீட்டுச் சாமானை வயல்ல 'கண்டெடுத்தா' விலை பத்து மடங்கு. பேரும் கிடைக்கும், அருங்காட்சியகத்துக்கு டிக்கெட்டும் விக்கும். ஆனா ஹன்னா கிரீவ்ஸ் வர்றான்னதும் மாட்டிப்போம்னு தெரிஞ்சுபோச்சு. மரம் எப்படி மக்கலைன்னு அவ முதல் நிமிஷத்துல கேப்பா. அதனால திருடு போச்சு. திருடன் வேணுமே? ஒரு தபால்காரரோட வேன் எப்பவும் பூட்டாம நிக்கும்."

பண்ணையார் பில்லியர்ட்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார். மஞ்சள் கால்சராய் மட்டும் முழு அளவில் நின்றது.

"ஜன்னல்," என்றார் கடைசியில். "ஜன்னல் மாத்தணும். ஒண்ணுக்கு எவ்வளவு கேக்கறான் தெரியுமா?"

"குடுவை எங்க?"

அவர் பியானோவுக்கு முன்னால் இருந்த ஸ்டூலைப் பார்த்தார். நான் அதன் மூடியைத் திறந்தேன். இசைத்தாள்களுக்கு நடுவே, ஒரு பழைய காலுறைக்குள், நாற்பதாயிரம் பவுண்டு.

"இப்ப எழுதுங்க," என்று ட்ரான்டர் பேனாவை நீட்டினார். "முதல் கடிதம் கம்பெனிக்கு, க்ளெய்மை வாபஸ் வாங்கறதா. ரெண்டாவது போலீஸுக்கு: குடுவை என் வீட்டுலதான் இருந்தது, பையை வேன்ல வச்சது நான், ஸ்பிங்க்ஸ் நிரபராதி. மூணாவது கவுன்சிலுக்கு."

"கவுன்சிலுக்கா? எதுக்கு?"

"குப்பைக் கிடங்கு மனுவை வாபஸ் வாங்கறதுக்கு. வயலைத் தொண்ணூத்தொன்பது வருஷக் குத்தகைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தர்றதுக்கு. என் அறிக்கையில நடந்தது எல்லாம் இருக்கும், ஒரு வரி விடமாட்டேன். படிச்சுட்டு ஒரு நீதிபதி உங்க முகத்தைப் பார்ப்பார். அப்ப நீங்க குழந்தைகளுக்கு மைதானம் கொடுத்தவரா நிக்கறீங்களா, தபால்காரர் வேன்ல பை வச்சவரா மட்டும் நிக்கறீங்களா? உங்க இஷ்டம்."

மூன்று கடிதத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆனது. கையெழுத்து மட்டும் வம்சத்துக்கு ஏற்ற மாதிரி கம்பீரமாக இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "மூணாவதுக்குப் பேரு மிரட்டல்தானே, பாஸ்?"

"கிராமாபிவிருத்தி."

"குப்பைக் கிடங்குக்கும் நமக்கும் என்ன? கம்பெனி கேட்டது குடுவையை."

"ஸ்பிங்க்ஸ் வீட்டுக்கு ஓட்டு. மணி நாலாச்சு."

கிளிஃபர்ட் ஸ்பிங்க்ஸின் வீட்டுப் பின்புறக் கொட்டகை சுத்தமாக இருந்தது. சுவர் முழுக்கப் பலகைகள், பலகை முழுக்கப் பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் தபால்காரக் கையெழுத்தில் சீட்டு: பித்தான். பெல்ட் கொக்கி. காசு. குதிரை லாடம். கீழ்த்தட்டில் எட்டுப் பெரிய டப்பாக்கள்: குப்பை.

ட்ரான்டர் போலீஸுக்கான கடிதத்தின் நகலைக் கொடுத்தார். கிளிஃபர்ட் இரண்டு முறை படித்தார். மடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப நன்றி, மிஸ். டீ போடறேன்."

"போடலாம். அதுக்கு முன்னாடி இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க." ட்ரான்டர் குப்பை டப்பா ஒன்றைத் திறந்தார். சோடா கேன் வளையம், பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி, சிகரெட் தாள். எல்லாம் சின்னச் சின்னப் பைகளில், தேதி போட்டு.

"டிடெக்டர்ல வர்ற குப்பை. எடுத்தது எதையும் வயல்ல விட்டுட்டு வரக்கூடாது. எங்க டிடெக்டர் சங்கத்து விதி."

"ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?"

"முப்பது, நாப்பது... ஒரு நல்ல சாமான் கிடைக்கறதுக்குள்ள."

"மார்ச் ஒன்பதுக்குப் பை இல்லையே."

கிளிஃபர்ட் கையில் கெட்டில் அப்படியே நின்றது.

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வயல், மிஸ்டர் ஸ்பிங்க்ஸ். பிள்ளைங்க வேலி தாண்டி எறிஞ்ச சோடா கேன் எத்தனை இருக்கும்? ஆறு மணி நேரம் தேடி ஒரு வளையம் கூடக் கிடைக்கலை. ஆனா நானூறு வருஷத்து மூடி பதினொண்ணு வரிசையா வந்து கையில ஏறிச்சு. எங்க தோண்டணும்னு தெரிஞ்சவருக்குத்தான் குப்பை கிடைக்காது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புதைத்தவரே தோண்டியிருக்கிறார்.

கிளிஃபர்ட் கெட்டிலை வைத்தார். மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். சீட்டில் 'மூடிகள்' என்று இருந்தது. உள்ளே பஞ்சு மட்டும்.

"பத்தொன்பது வருஷம்," என்றார். "பதினோரு ஊர்ல எடுத்தது. ஒவ்வொண்ணும் வேற வேற அச்சு. உத்துப் பார்த்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்கும். யாரும் பார்க்கலை. பன் சுட்டாங்க."

"உங்களை யாராவது தூண்டினாங்களா?"

"இல்லை. கிடங்கு வேண்டாம்னு ஊர்ல அறுபத்துமூணு பேர் கவுன்சிலுக்கு எழுதினோம். டீச்சர் எழுதினாங்க. ஆஸ்துமா இருக்கற பிள்ளையோட அம்மா எழுதினா. யாரும் படிக்கலை. நான் முப்பத்தியொரு வருஷம் கடிதம் கொடுத்தவன், மிஸ். படிக்காத கடிதம் எப்படித் திரும்பி வரும்னு எனக்குத் தெரியும். உசிரோட இருக்கறவன் பேச்சு எடுபடலை. சரி, செத்துப் போன சிப்பாய் சொன்னா கேப்பாங்களான்னு பார்த்தேன்."

"கேட்டாங்க."

"ஒரே வாரத்துல."

"குடுவை வயல்ல கிடைச்சதில்லைன்னு உங்களுக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும்."

"தெரியாதா? அந்த வயல்ல போரே நடக்கலையே! ஆனா அவர் புளுகறார்னு நான் எந்த வாயால சொல்றது? நான் புளுகினதுக்கு மேலதானே அவர் புளுகினார்." அவர் உட்கார்ந்தார். "ஜெயிலுக்குப் போனாலும் சரி, வயல் தப்பிச்சா போதும்னு இருந்துட்டேன்."

ட்ரான்டர் மூன்றாவது கடிதத்தின் நகலை மேஜையில் வைத்தார். கிளிஃபர்ட் அதைப் படித்தபோது அவர் விரல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. 'தொண்ணூற்றொன்பது' என்ற இடத்தில் நின்றது.

"என் வேலை குடுவை," என்றார் ட்ரான்டர். "மூடியைப் பத்தி என்னை யாரும் கேக்கலை. கேக்காததை நான் எழுதறதில்லை."

"அப்புறம் என்ன, தாத்தா!" என்றேன். "கிடங்கும் போச்சு, கேஸும் போச்சு. போர் இருந்துட்டுப் போகட்டும். போர்டு வச்சாச்சு, பன் விக்குது, பஸ் வருது. யாருக்கு நஷ்டம்?"

கிளிஃபர்ட் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தவறான விலாசம் எழுதிய கவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"வெல்பி ஓடைக்கரையில ஒரு மூடி எடுத்தேன், தம்பி. அதுல பல்லு பதிஞ்சிருந்தது. எவனோ ஒருத்தன் பயத்துல கடிச்சு இழுத்திருக்கான். அவன் அங்க நின்னான்ங்கறதுக்கு உலகத்துல அது ஒண்ணுதான் சாட்சி. அதைப் பிடுங்கிட்டு வந்து இங்க புதைச்சுட்டு, அவன் ஆல்டர்பியில நின்னான்னு எழுதிட்டேன். நாளைக்குப் புஸ்தகத்துல அப்படித்தான் வரும். அவனுக்கு நஷ்டம்."

"சங்கத்துலேருந்து தூக்கிடுவாங்களே," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தூக்கணும். நான் தலைவரா இருந்தா நானே தூக்குவேன்."

ட்ரான்டர் எழுந்து அவருக்குப் பதிலாகக் கெட்டிலை அடுப்பில் வைத்தார். எட்டு வருஷத்தில் அவர் எனக்குக் கூட டீ போட்டதில்லை.

கிளிஃபர்ட் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்பு நோட்டை எடுத்தார். மன்றத்தில் வைத்திருந்தது வேறு, இது வேறு. பத்தொன்பது வருஷத்து உண்மை நோட்டு. சுவரில் இருந்த போனை எடுத்து எண்ணைச் சுழற்றினார். அரசாங்க அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"மிஸ் கிரீவ்ஸ் இருக்காங்களா? ஆல்டர்பி கிளிஃபர்ட் ஸ்பிங்க்ஸ் பேசறேன்... ஆமாம்மா, அந்த மூடிக்காரன்தான்." அவர் நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டார். "பதிவுல பதினோரு திருத்தம் இருக்கு. பேனா எடுத்துக்கோங்க. பதினொண்ணும் என் தப்பு."